மாத்திரைக்கு முதல் போட ஆள் இருக்கு, மலைக்கு?

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான் கல்லூரிக் கால நண்பன் ஒருத்தன். சென்னையில் ஏதோ ஃபண்ட் கம்பெனியில் பெரிய வேலை. ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில் திடீரென்று கேட்டான்.

"டேய், ஜவ்வாது மலை உங்க ஊர்ப் பக்கம்தானே? அங்க ஹெல்த்துல இம்பாக்ட் இன்வெஸ்ட்மென்ட் மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமாடா? மலை, பழங்குடி மக்கள், தாய் சேய்... நல்ல ஸ்டோரி இருக்கு அதுல."

"ஸ்டோரி நிறைய இருக்கு. போட்ட காசு திரும்புமான்னுதான் தெரியல" என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பேச்சு ஜவ்வரிசியா சேமியாவா என்று திரும்பிவிட்டது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரெண்டு வாரம் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அவனுக்குப் பந்தியில் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வார்த்தை. 2007ல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மாளிகையில் கூடிப் பேசியவர்கள் வைத்த பேர் இது. தர்மம் என்றால் போட்ட காசு போனதுதான். வியாபாரம் என்றால் லாபம் மட்டும்தான் கணக்கு. இது ரெண்டுக்கும் நடுவில். காசும் திரும்பணும், முடிந்தால் கொஞ்சம் வளர்ந்து திரும்பணும், போன இடத்தில் நல்லதும் நடக்கணும், நடந்ததை அளந்தும் காட்டணும். இந்த முதலீட்டாளர்களுக்கு ஒரு உலக சங்கம்கூட இருக்கிறது. 2024ல் அவர்கள் போட்ட கணக்குப்படி இப்படிப் புழங்கும் பணம் சுமார் 1.57 லட்சம் கோடி டாலர். ரூபாய் இல்லை, டாலர். எத்தனை சைபர் என்று நானே ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். சூரிய மின்சாரம், வீட்டுக்கடன், விவசாயம் எல்லாம் சேர்த்துத்தான் இது. மருத்துவம் அதில் ஒரு பங்கு.

நம்ம ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் அடுத்த நிமிஷம் யாராவது "அரவிந்த் கண் ஆஸ்பத்திரி" என்பார்கள். நண்பனும் சொன்னான். ஆனால் அரவிந்த் இதற்கு உதாரணமே கிடையாது, கிட்டத்தட்ட எதிர் உதாரணம். 1976ல் டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆன பிறகு மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். வீட்டை அடமானம் வைத்து, குடும்பத்து நகையை அடகு வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி. எந்த ஃபண்டும் உள்ளே வந்து பங்கு வாங்கவில்லை. காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பதில், முடியாதவருக்கும் ஆபரேஷன் நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒன்று நூறு டாலர் அளவில் இருந்தது. 1992ல் ஆரோலேப் என்று தாங்களே தொழிற்சாலை போட்டு அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு அதையும் விடக் குறைத்தார்கள். அதற்கு வெளிநாட்டு நண்பர்கள் தொழில்நுட்பமும் உதவியும் கொடுத்தார்கள், ஆனால் லாபப் பங்கு கேட்கவில்லை.

இது ஏன் மதுரையில் ஓடியது என்று யோசித்தால் ரெண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, கண்புரை ஒரு நாள் வேலை, செய்தால் முடிந்தது. ரெண்டு, அதே ஊரில் காசு கொடுக்கிற பாதிப் பேரும் இருக்கிறார்கள். அந்தப் பாதி இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு நிற்காது. ஜவ்வாது மலையில் அந்தப் பாதி எங்கே இருக்கிறது? சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேனும் புளியும் கடுக்காயும் எடுத்து, மிச்ச மாசங்களுக்குக் கீழே கூலிக்குப் போகிற ஜனம். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நின்று பாருங்கள், யாரிடம் எவ்வளவு கட்டணம் வாங்கி யாருக்கு இலவசமாகச் செய்வது?

சரி, நிஜமான இம்பாக்ட் முதலீடு மருத்துவத்தில் ஜெயித்த கதை இருக்கா? இருக்கு. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

2010களின் தொடக்கத்தில் கேட்ஸ் அறக்கட்டளையும் ஜே.பி. மார்கன் வங்கியும் சேர்ந்து குளோபல் ஹெல்த் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மொத்தம் 10.8 கோடி டாலர். ஏழை நாட்டு வியாதிகளுக்கான மருந்து, தடுப்பூசி, கருவி இவற்றின் கடைசிக் கட்ட வேலைக்குப் பணம் போடுவது நோக்கம். தனியார் பணக்காரர்கள் பயப்படாமல் வரணுமே, அதற்காக கேட்ஸும் ஸ்வீடன் அரசின் உதவி நிறுவனமும் நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தாங்கள் ஏற்பதாக உத்தரவாதம் கொடுத்தார்கள். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தைரியமான முதலீட்டுக்குப் பின்னால் எப்பவும் ஒரு தர்மகர்த்தா நிற்கிறார்.)

அந்தப் பணத்தில் 1.3 கோடி டாலர் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் இருக்கும், லாப நோக்கமில்லாத ஒரு சின்ன மருந்து நிறுவனத்துக்குப் போனது. ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை ஈ கடித்து, உடம்பில் புழு பெருகி, கடைசியில் கண்ணே போய்விடும் ஒரு வியாதி உண்டு. அதற்கு மாக்ஸிடெக்டின் என்ற மருந்து. கால்நடைகளுக்குக் கொடுத்துவந்த மருந்துதான், மனிதனுக்குக் கொண்டுவர யாருக்கும் ஆசை இல்லை, ஏனென்றால் நோயாளியிடம் காசு இல்லை. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது. அனுமதியோடு ஒரு சீட்டும் கொடுத்தது. அந்தச் சீட்டு வைத்திருப்பவர் தன் இன்னொரு மருந்தின் விண்ணப்பத்தை வரிசையில் முன்னால் தள்ளலாம். சீட்டை விற்கவும் செய்யலாம். பெரிய கம்பெனிகள் இப்படிப்பட்ட சீட்டை 10 கோடி டாலர் அளவுக்கு வாங்கிய காலம் அது.

புரிகிறதா? ஆப்பிரிக்க விவசாயி ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனாலும் முதலீட்டுக்குத் திரும்பி வர ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். சினிமா தியேட்டரில் டிக்கெட்டில் நஷ்டம், கேன்டீனில் லாபம் என்பார்களே, அந்த மாதிரி. எனக்கு இதில் எந்த ஏளனமும் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

இப்போது மலைக்கு வருவோம். புழு என்றதும் ஜவ்வாது மலைக்கும் ஒரு சம்பந்தம் வந்துவிடுகிறது.

கொக்கிப்புழு. வெறுங்காலில் நடக்கும்போது மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறும். நுரையீரல் போய், தொண்டை வந்து, வயிற்றில் இறங்கி, குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். ஆளைக் கொல்லாது. சோகை பிடிக்க வைக்கும். பிள்ளை உண்டான பெண்ணுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு, அதில் இது வேறு. மருந்து என்னவோ அல்பெண்டசோல், ஒரே ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை. ஜிஎஸ்கே கம்பெனி உலக சுகாதார நிறுவனம் வழியாகக் கோடிக்கணக்கில் இனாமாகவே கொடுக்கிறது. நம்ம நாட்டிலும் 2015 பிப்ரவரியிலிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள்.

பிரச்சினை என்னவென்றால் கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம். பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால், காட்டுக்குப் போகும் அப்பன் ஆத்தா மண்ணில் மறுபடி விதைத்துவிட்டு வருவார்கள். ஆகவே ஊரில் இருக்கிற எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, மூணு வருஷம் விடாமல் கொடுத்தால் புழு பரவுவதே நின்றுபோகுமா? இதைச் சோதிக்க டீவேர்ம்3 என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உலகத்தில் மூணே நாடு: ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி, அப்புறம் இந்தியா. இந்தியாவில் எங்கே என்று நினைக்கிறீர்கள்? திமிரியும் ஜவ்வாது மலையும். நடத்தியது எங்க ஊர் சி.எம்.சி. ஆராய்ச்சிக்காரர்கள், பணம் கேட்ஸ் அறக்கட்டளை. வீடு வீடாகக் கணக்கெடுத்து, வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, மலம் சேகரித்துப் பரிசோதித்து... நினைத்தாலே மூச்சு வாங்குகிறது.

கவனியுங்கள், இது முதலீடு இல்லை. முழுக்க நன்கொடை. ஏனென்றால் இதில் திரும்பி வர எதுவும் இல்லை. மாத்திரை ஏற்கெனவே மலிவு. செலவெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற காலில்தான்.

மலையில் வேலை பார்த்த ஒரு கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு தடவை டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது: "மாத்திரைக்கு என்னிக்குமே குறை இருந்ததில்ல சார். ஆளுதான் கிடைக்க மாட்டாங்க. ஆம்பளைங்க காபி எஸ்டேட்டுக்குப் போயிருப்பாங்க, பசங்க திருப்பூர்ல இருப்பாங்க. பொம்பளைங்க காட்டுல. நாம போற நேரத்துக்கு வீட்ல கெழவியும் நாயும்தான் இருக்கும். கெழவிக்கு மாத்திரை குடுத்துட்டு, நாயிக்குப் பயந்து திரும்பி வந்துருவேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தடுப்பூசியும் அப்படித்தான். ரோட்டாவேக் என்று ஒரு சொட்டு மருந்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு. தில்லி எய்ம்ஸில் 1980களில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு வைரஸிலிருந்து உருவானது. அரசாங்கம், கேட்ஸ், ஐதராபாத்தின் பாரத் பயோடெக் எல்லாரும் கை சேர்த்து, ஒரு டோஸ் ஒரு டாலர் என்று விலை பேசி உருவாக்கினார்கள். பரிசோதனை நடந்த மூணு இடத்தில் ஒன்று வேலூர். 2016ல் தேசியத் திட்டத்தில் வந்தது. அருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லைக்குக் கொல்லை ஏறுவது யார்? (கீழே இருப்பவர்களுக்கு: மலையில் பல ஊருக்குப் பேரே 'கொல்லை' என்றுதான் முடியும்.) அந்தச் சம்பளம் எந்த ஃபண்டின் அறிக்கையிலும் வராது. அது கோட்டையிலிருந்து வருகிறது.

இதுவரைக்கும் பொருள் இருந்தது, கொண்டுபோவதுதான் பாடு. பொருளும் சரியில்லை, வழியும் இல்லை என்றால்?

2023 மே மாசம். ஜவ்வாது மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அணைக்கட்டை ஒட்டிய அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை. ராத்திரி வீட்டு வாசலில் படுத்திருந்த ஒன்றரை வயசுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள், ஆஸ்பத்திரி சேருவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது. அதோடு முடியவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதை முடியும் இடத்தோடு நின்றுவிட, பெற்ற தாய் அந்த உடம்பைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் மலையேறி நடந்தாள். அந்தப் படம் டிவியில் வந்தது, நாடே பார்த்தது. நானும் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பாம்புக்கடியின் பொருளாதாரத்தைப் பாருங்கள். இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்பது 2020ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத வியாதிகளின் பட்டியலில் முறையாகச் சேர்த்ததே 2017ல்தான். மருந்து எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். 1978ல் ராமுலஸ் விட்டேகர் துணையோடு தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறி மருந்துக் கம்பெனிகளுக்கு முக்கியமான கச்சாப் பொருள் அவர்கள் கையால்தான் போகிறது. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுப்பது. நூறு வருஷத்துக்கும் மேலான முறை. கடிபட்டவருக்கு முதல் தவணையே எட்டு, பத்து குப்பி தேவைப்படும். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

வாங்குகிறவன் ஏழை, தேவை எங்கே எப்போது என்று தெரியாது, குளிர்ப் பெட்டி, டாக்டர் எல்லாம் வேணும். எந்த முதலீட்டாளர் வருவார்? வந்தவரே போன கதைதான் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு நல்ல விஷமுறி மருந்து செய்துகொண்டிருந்த சனோஃபி கம்பெனி, கட்டுப்படியாகவில்லை என்று 2014ல் கடைசியாகச் செய்ததோடு நிறுத்திக்கொண்டது.

ஒரே ஒரு வெளிச்சம் உண்டு. கலிபோர்னியாவில் ஓஃபிரெக்ஸ் என்று ஒரு கம்பெனி. பொதுநல நோக்கத்தைச் சட்டப்படியே தன் விதியில் எழுதிக்கொண்ட கம்பெனி. ஆரம்பித்தவர்களில் ஒருத்தர் டாக்டர், இன்னொருத்தர் டாக்கிங் ஹெட்ஸ் இசைக்குழுவில் வாசித்த ஜெர்ரி ஹாரிசன். (நம்மூரில் இளையராஜா ட்ரூப்பில் கீபோர்டு வாசித்தவர் பாம்புக்கடி மாத்திரை கம்பெனி ஆரம்பித்த மாதிரி!) இதய நோய்க்கு என்று செய்து தோற்றுப்போன வரெஸ்ப்ளாடிப் என்ற பழைய மருந்தை எடுத்து, பாம்பு விஷத்தின் ஒரு முக்கியப் பகுதியை அது முடக்கும் என்று கண்டார்கள். ஊசி இல்லை, வாயில் போடுகிற மருந்து. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2024ல் வந்தது. மொத்தத்தில் பார்த்தால் தெளிவான வெற்றி இல்லை. ஆனால் கடித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடம் பலன் தெரிகிற மாதிரி இருந்தது. அமெரிக்க ராணுவமும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இதற்குப் பணம் கொடுத்திருக்கின்றன. என் நண்பன் மாதிரி ஆட்கள் நிஜமாகவே பணம் போட வேண்டிய இடம் இது என்பேன். அந்த மாத்திரை ஒன்று அத்திமரத்துக்கொல்லையில் யாராவது ஒருத்தர் வீட்டு டப்பாவில் இருந்து, அது உண்மையிலேயே வேலையும் செய்தால், கீழே இறங்கும் அந்த நேரத்துக்கு ஒரு அர்த்தம் வரும்.

ஆனால் அப்பவும் இறங்கியாகணும். இறங்க வண்டி வேணும்.

வண்டியிலும் இம்பாக்ட் முதலீடு நடந்திருக்கிறது. மும்பையில் ஜிகிட்சா என்ற கம்பெனி 1298 என்ற நம்பரில் ஆம்புலன்ஸ் விட்டது. அமெரிக்காவின் அக்யூமென் ஃபண்ட் 2007ல் அதில் 15 லட்சம் டாலர் போட்டது. பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் முழுக் கட்டணம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் சலுகைக் கட்டணம். அரவிந்த் கணக்குதான், சக்கரம் மாட்டியது. மும்பையில் ஓடியது. ஆனால் கம்பெனி வளர்ந்தது எதில் என்று பார்த்தால், பல மாநில அரசுகளின் 108 டெண்டர் எடுத்ததில். நம்ம தமிழ்நாட்டில் 2008ல் 108 வந்தபோது அதை நடத்த வந்தது வேறொரு நிறுவனம், அதுவும் அரசு கொடுக்கிற பணத்தில்தான் ஓடுகிறது. மலைக்கு வண்டி அனுப்ப மனசு வரவேண்டுமானால், ஓட்டத்துக்குக் காசு நோயாளியிடமிருந்து வரக்கூடாது. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

பெரிய பணம் எங்கே போனது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முழுசாகாது. துபாயில் அப்ராஜ் என்ற கம்பெனி ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்கு என்றே 100 கோடி டாலர் ஃபண்ட் திரட்டியது. கேட்ஸ் அறக்கட்டளை மட்டும் 10 கோடி. அந்த ஃபண்ட் இந்தியாவில் வாங்கியது ஐதராபாத்தின் கேர் ஆஸ்பத்திரிகளை. கேர் யார் தெரியுமா? நம்ம அப்துல் கலாமோடு சேர்ந்து மலிவு விலை இதய ஸ்டென்ட் செய்தாரே டாக்டர் சோமராஜு, அவர் 1997ல் தொடங்கியது. 2017ல் கேட்ஸ்காரர்கள் "போட்ட பணம் எங்கேப்பா?" என்று கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். 2018ல் அப்ராஜே கவிழ்ந்தது. முதலீட்டாளர் பணத்தைத் தப்பாகப் பயன்படுத்தியதற்காக 2019ல் துபாய் நிதி ஆணையம் 31 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. ஆஸ்பத்திரிகள் டிபிஜி கைக்குப் போய், 2023ல் பிளாக்ஸ்டோன் கைக்குப் போயின. ஏழைக்கு இதயச் சிகிச்சை என்று ஆரம்பித்த பேச்சு, கடைசியில் நியூயார்க்கில் பங்கு விலை பேச்சாகிவிட்டது. அந்த டாக்டர்கள் நல்ல டாக்டர்கள்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நூறு கோடி டாலர் எங்கே இறங்கும்? விமான நிலையம் இருக்கிற ஊரில்தான் இறங்கும்.

நண்பன் கேட்டதற்கு மிகக் கிட்டே வருவது ராஜஸ்தானில் 2018ல் தொடங்கிய உத்கிருஷ்ட் என்ற ஏற்பாடு. தாய் சேய் மரணம் குறைய, சின்னத் தனியார் பிரசவ ஆஸ்பத்திரிகளின் தரத்தை உயர்த்துவது வேலை. முதல் பணம் ஸ்விட்சர்லாந்தின் யுபிஎஸ் வங்கியைச் சேர்ந்த அறக்கட்டளை போட்டது. தரம் உயர்ந்ததை வெளியாள் வந்து சோதித்து உறுதி செய்தால், அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் ஒரு மருந்துக் கம்பெனியின் தர்மப் பிரிவும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்று ஒப்பந்தம். எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: வேலை நடக்காவிட்டால் காசு திரும்பாது என்கிற பயம். நம்ம திட்டங்களில் அந்தப் பயம் எங்கேயும் கிடையாது. மலையில் இப்படி ஒன்றை எழுதலாம்தான். இத்தனை கர்ப்பிணிகளின் ரத்தம் இவ்வளவு ஏறணும், இத்தனை பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கணும், நடந்தால் காசு. ஆனால் கடைசியில் செக் எழுதுவது யார்? அங்கே ஒரு வெளிநாட்டு அரசு எழுதியது. 2025ல் அந்த உதவி நிறுவனத்தையே அமெரிக்கா இழுத்து மூடிவிட்டது.

ஆகவே நண்பா, என் பதில் இது. பொருளில் பணம் போடு. பாம்புக்கடி மாத்திரை, இன்னும் நல்ல புழு மருந்து, வெயிலில் கெடாத தடுப்பூசி. அது உன்னால் முடியும், அதற்கு உன் பணம் வேணும், அரசாங்கத்துக்கு அந்தத் துணிச்சல் வராது. மலையில் ஆஸ்பத்திரி கட்டி லாபம் எடுக்கலாம் என்று மட்டும் வராதே. வந்தால் ரெண்டு வருஷத்தில் போர்டை மாற்றி ரிசார்ட் ஆக்கிவிடுவாய். :-)

மலைக்கு வேண்டிய முதல் முதலீடு எது என்று கேட்டால், நான் பாதை என்பேன். அதற்கும் காசு ரெண்டாம் பட்சம்தான். பாதை காட்டுக்குள் போகிறது, வனத்துறை அனுமதி வேணும். 2006 வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூணாவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர், சாலை என்று 13 வகை வசதிக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரை செய்யணும், மாவட்ட வன அலுவலர் அனுமதி கொடுக்கலாம், தில்லி வரைக்கும் போக வேண்டியதில்லை.

ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். ஒத்தை வண்டிப் பாதை 3.75 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தேன், சுமார் 2.67 கிலோமீட்டர் வருகிறது. மலையில் நிறையக் கொல்லைகள் தார்ரோடு முடியும் இடத்திலிருந்து அதற்குள்தான் இருக்கின்றன. அதற்கு மேல் போனால் சட்டமும் வேறு, காலமும் வேறு. கிராம சபை வருஷத்துக்குச் சில தடவை கூடும், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுத ஒரு வெள்ளைத்தாள் போதும். அங்கே உறவுக்காரர், நண்பர், கூட வேலை பார்ப்பவர் என்று யாராவது உங்களுக்கு இருந்தால் அந்தப் பிரிவு நம்பரை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். 3(2).

பி.கு: 'ஜவ்வாது' சரியா 'சவ்வாது' சரியா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மலைக்காரர்கள் ரெண்டும் சொல்கிறார்கள், பஸ் போர்டில் ரெண்டும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இதே மலையில்தான் காவலூரில் 1986லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமை போனால் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள் என்று கேள்வி, கிளம்பும் முன் விசாரித்துக்கொண்டு போங்கள். ஆலங்காயம் வழியாக அங்கே போகிற ரோடு நன்றாகவே இருக்கும்.